கயிற்றில் அசையாத இரண்டு புள்ளிகள் – விளக்கம் கோருதல் – தொடர்பாக

கல்வி என்பது அசைவு. இதை நான் சொல்லவில்லை, சுற்றறிக்கை சொன்னது. எங்கள் துறையின் இயக்குநர் ஒரு கருத்தரங்குக்காகக் கடல் கடந்து போயிருந்தார். போன இடத்தில் அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார்களாம். அங்கே பிள்ளைகள் எல்லோரும் ஆடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் சந்தோஷமாக இருந்தார்களாம். அது இடைவேளை நேரமா என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை. திரும்பி வந்த கையோடு "அனைவரும் அசைவோம்" என்ற மாபெரும் திட்டத்தை அறிவித்துவிட்டார். "அசையாத மாணவர் கற்காத மாணவர். அசையாத மாணவரை அனுமதிக்கும் ஆசிரியர் கடமை தவறியவராகக் கருதப்படுவார்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எப்படி அசைய வேண்டும் என்று படமும் இணைத்திருந்தார்கள். குதிகாலைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். அவ்வளவுதான் கல்வி.

எங்கள் பள்ளியில் யாரும் இதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் ஆசிரியர்கள், எங்களுக்குக் குடும்பம் இருக்கிறது. வரலாற்று ஆசிரியர் போர் வந்தால் பிள்ளைகளை முன்னால் சாயச் சொன்னார், உடன்படிக்கை வந்தால் பின்னால் சாயச் சொன்னார். நான் கணக்கு ஆசிரியன். கூட்டலுக்கு எழுந்திருக்க வேண்டும், கழித்தலுக்கு உட்கார வேண்டும், பெருக்கலுக்கு இரண்டு தடவை குதிகால். வகுத்தலுக்கு என்ன செய்வது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. வரும்வரை வகுத்தலையே நடத்தாமல் நிறுத்திவைத்தேன். உத்தரவு இல்லாமல் ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று நாளைக்கு யாரும் என்மேல் விரல் நீட்டக் கூடாது, பாருங்கள்.

இந்த நல்ல காலத்தில்தான் இயற்பியல் டீச்சருக்கு ஆய்வு வந்தது.

அந்த டீச்சரை நாங்கள் ஓய்வறையில் கயிறு டீச்சர் என்போம். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு வெள்ளைக் கயிறு, பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஒரு ஸ்பீக்கர், ஒரு கப்பி, தொங்கவிட ஒரு எடைக்கல். புத்தகத்தில் இருப்பதைப் புத்தகத்திலேயே காட்டிவிட்டுப் போகிற நல்ல பழக்கம் அவருக்கு இல்லை. கண்ணால் பார்த்தால்தான் பிள்ளைகள் நம்புவார்கள் என்பார். சேர்ந்த நாளிலிருந்து தகுதிகாண் பருவத்தில் இருந்தார். அதாவது வேலை உண்டு, நிரந்தரம் இல்லை. இந்த ஆய்வில் நல்ல மதிப்பெண் வந்தால் நிரந்தர உத்தரவு வரும். வராவிட்டால் வேறு உத்தரவு வரும்.

"அவரு வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க சார்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். 'அவரு' என்றால் அவர் வீட்டுக்காரர். "இப்ப என் சம்பளத்துலதான் வீடு ஓடுது. இந்த ஆர்டர் வரலைன்னா நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா சேர்ந்து வேலை தேடப் போகணும்."

"ஒண்ணும் ஆகாது டீச்சர்" என்றேன். யாருக்கும் எதுவும் தெரியாதபோது சொல்கிற வார்த்தை அது.

ஆய்வு நாளன்று ஆய்வாளர் வந்தார். கையில் மதிப்பெண் பலகை, காதில் பேனா, முகத்தில் துறை. அவருக்குத் துணையாகத் தலைமையாசிரியரும், தலைமையாசிரியருக்குத் துணையாக நானும் ஆய்வுக்கூடத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் விதிப்படி குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டே எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

டீச்சர் கயிற்றின் ஒரு முனையை ஸ்பீக்கரில் கட்டியிருந்தார். மறுமுனை மேசை ஓரத்துக் கப்பி வழியாகக் கீழே போய் எடைக்கல்லைத் தாங்கித் தொங்கியது. ஸ்விட்சைப் போட்டுக் குமிழை மெல்லத் திருப்பினார். கயிறு முதலில் சும்மா நடுங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். திடீரென்று மூன்று வயிறுகளாக உப்பி, அப்படியே நின்று ஆடத் தொடங்கியது. பிள்ளைகள் குதிகாலை மறந்து வாயைப் பிளந்தார்கள். எனக்கும் வாய் திறந்துவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்து அறையில் இருந்துகொண்டு நான் இதைப் பார்த்ததே இல்லை.

"இங்கேருந்து ஒரு அலை போகுது. அந்த முனையில மோதி இன்னொரு அலை திரும்பி வருது" என்றார் டீச்சர். "ரெண்டும் சேர்ந்தா, அலை எங்கேயும் போகாம நின்ன இடத்துலயே ஆடும். இதுதான் நிலை அலை. நடுவுல ரெண்டு இடம் ஆடவே இல்ல பாருங்க, அது கணு. நல்லா ஆடுற இடம் எதிர்க்கணு."

பிறகு நடுவில் மடித்த சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளைக் கயிற்றின்மேல் வைக்கச் சொன்னார். பிள்ளைகள் அவற்றுக்குச் சவாரி என்று பேர் வைத்திருந்தார்கள். ஆடுகிற இடத்தில் வைத்த சவாரிகள் எல்லாம் தெறித்து விழுந்தன. கணுவில் வைத்த இரண்டு சவாரிகள் மட்டும் பென்ஷன் வாங்கியவர்கள் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தன.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பதால் அவளுக்கு வகுப்பில் 'ஏன்' என்றே பட்டப்பெயர். "ஏன் டீச்சர் அந்த இடம் மட்டும் ஆடலை?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஆய்வாளர் எழுந்தார்.

"நானும் அதைத்தான் கேக்குறேன். ஏன் ஆடலை?"

"அது கணு சார். ரெண்டு அலையும் அந்த இடத்துல எதிரெதிராச் சேர்ந்து ஒண்ணையொண்ணு—"

"காரணம் அப்புறம். திட்டத்தோட பேரு என்ன?"

"அனைவரும் அசைவோம் சார்."

"அனைவரும்னா?"

ஆய்வாளர் கயிற்றுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கணுக்களை ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினார். கீழே சிதறிக் கிடந்த சவாரிகளையும் எண்ணினார்.

"இதுல இன்னொரு விஷயமும் இருக்கு" என்றார். "ஆடினவங்க எல்லாரும் கீழ விழுந்துட்டாங்க. இதை இடைநிற்றல்னு போடணும். ஆடாதவங்க மட்டும் கடைசி வரைக்கும் சீட்டுல இருக்காங்க. பிள்ளைங்களுக்கு இதுலேருந்து என்ன தெரியும்?"

தலைமையாசிரியர் மட்டும் ஏதோ நெஞ்சைத் தொட்டது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முப்பது வருஷம் துறையில் இருந்தவர்.

மறுவாரம் குறிப்பாணை வந்தது. கயிற்றில் அமைந்துள்ள இரண்டு புள்ளிகள் திட்டத்தில் பங்கேற்காதது ஏன் என்றும், அவை எவ்வளவு காலமாக அவ்வாறு இருந்து வருகின்றன என்றும், அவற்றின்மீது ஆசிரியர் எடுத்த நடவடிக்கை என்ன என்றும் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் டீச்சரையும் என்னையும் தன் அறைக்கு அழைத்தார். மின்விசிறி சுற்றியும் அவருக்கு வியர்த்தது.

"டீச்சர், பேசாம விரலால ஒரு தட்டு தட்டி அதை ஆட்டி விட்டுடுங்களேன்."

"தட்டினாலும் ஆடாது சார். கணுவைத் தொட்டா கயித்துக்கு ஒண்ணுமே ஆகாது. அதுபாட்டுக்கு இருக்கும். நல்லா ஆடுற இடம் இருக்கு பாருங்க, அதைத் தொட்டாத்தான் மொத்தமும் நின்னுடும்."

"அப்படியா?" தலைமையாசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஆபீஸும் அப்படித்தான்" என்றார். அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவருக்கு வேடிக்கை வராது.

டீச்சர் உண்மையையே எழுதி அனுப்பினார்: கணு அசையாதது இயற்கை. இரண்டு நாளில் ஆய்வாளர் நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்து நின்றார், பின்னால் தலைமையாசிரியரும் நானும்.

"இயற்கைன்னு எழுதியிருக்கீங்க. இயற்கை எந்தத் துறையின் கட்டுப்பாட்டுல வருது?"

"எந்தத் துறையிலயும் இல்ல சார்."

"அப்ப அதோட கருத்தை நாம எடுத்துக்க முடியாது." அவர் கோபமாகச் சொல்லவில்லை; வருத்தமாகத்தான் சொன்னார். "டீச்சர், நான் உங்களுக்கு எதிரி இல்லை. எங்க துறையில ஒருத்தர் வேலை செய்யலைன்னா என்ன பண்ணுவோம்? இடமாற்றம் பண்ணுவோம். அந்த ரெண்டு புள்ளியையும் இடமாற்றம் பண்ணுங்க."

டீச்சர் குமிழைத் திருப்பினார். மூன்று வயிறாக இருந்த கயிறு தடுமாறி, நான்கு வயிறாக நின்றது. பழைய கணு இருந்த இடங்கள் இப்போது நன்றாக ஆடின. ஆய்வாளர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது.

"ஒண்ணு, ரெண்டு... மூணு! ரெண்டு பேர் இருந்த எடத்துல மூணு பேரா? புதுப் பணியிடம் யாரைக் கேட்டு உருவாக்கினீங்க?"

"நாலு வயிறுன்னா நடுவுல மூணு கணு வந்தே தீரும் சார்."

"ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்துல கழுத்தைப் பிடிக்கிறாங்க, நீங்க சும்மா இருக்கிறதுக்குன்னே ஒரு ஆளைக் கூட்டுறீங்க. திருப்புங்க, திருப்புங்க."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு குமிழை மறுபக்கம் முழுசாகத் திருப்பினார். கயிறு ஒரே ஒரு பெரிய வயிறாக உப்பி ஆடியது. நடுவில் கணு என்ற பேச்சே இல்லை. ஆய்வாளர் கை தட்டப் போனார். தட்டுவதற்குள் பார்வை கயிற்றின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"ரெண்டு முனையும் ஆடலையே."

"முனையைப் பிடிச்சுக் கட்டியிருக்கு சார். அது ஆடினா அலையே இல்லை."

போச்சு, டீச்சர் வேலை முனையோடு போச்சு என்று நினைத்தேன். தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். ஆய்வாளர் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"முனைங்கிறது மேலிடம்" என்றார். "ரெண்டு பக்கமும் மேலிடம். நடுவுல இருக்கிற நாமதான் ஆடணும். மேலிடம் ஆட வேண்டியதில்லை. விதியில இடம் இருக்கு."

மதிப்பெண் பலகையில் நூற்றுக்கு நூறு போட்டார். போட்டுவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார். அடுத்த வாரம் இயக்குநர் வருகிறார். அவர் முன்னால் இதே கயிற்றை ஒரே வயிறாக ஆட்டிக் காட்ட வேண்டும். இப்பள்ளியில் அசையாப் புள்ளி எதுவும் நிலுவையில் இல்லை என்று டீச்சர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கே நிரந்தர உத்தரவு.

டீச்சர் அன்று மாலை முழுவதும் பேனாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வீட்ல சொன்னேன் சார். 'கணு ஆடினா என்ன, ஆடாட்டி என்ன? நீ ஆடிட்டு வா, உத்தரவை வாங்கு'ன்னாரு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றார்.

"நான் வகுத்தலையே நிறுத்தி வச்சிருக்கேன் டீச்சர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இயக்குநர் வருகைக்காக விளையாட்டு மைதானத்தில் ஒரு நீள மேடை வந்தது. வாடகைப் பலகை, இரண்டு பக்கமும் இரும்புக் கால். இயக்குநருக்கு என்று பெரிய சோபா போடுவதால் பாரம் தாங்காது என்று, மேடைக்காரர் நடுவிலும் ஒரு கால் முட்டுக் கொடுத்தார். சரியாக அந்தக் காலுக்கு மேலே சோபா. சோபாவுக்கு முன்னால் ஸ்டூல், ஸ்டூலின்மேல் தண்ணீர் கிளாஸ். இந்தப் பக்கம் பாதி ஆசிரியர்கள், அந்தப் பக்கம் பாதி ஆசிரியர்கள். ஓரத்தில் டீச்சரும் அவர் கயிறும். கீழே மொத்தப் பள்ளிக்கூடமும்.

டீச்சர் குமிழைத் திருப்பினார். கயிறு சும்மா நடுங்கி, நடுங்கி, ஒரு இடத்தில் வந்ததும் பெரிய வயிறாக எம்பியது.

"கயித்துக்குன்னு ஒரு தாளம் இருக்குங்க ஐயா. நாம கொடுக்கிற தாளம் அதோட ஒத்துப்போனா, சின்னத் தள்ளலே பெரிய ஆட்டமாயிடும். இதுக்குப் பேரு ஒத்ததிர்வு."

இயக்குநர் சோபாவிலிருந்து முன்னால் சாய்ந்தார். "இதுதான்யா நம்ம திட்டம்! எல்லாரும் ஒரே தாளம்! எங்கே, எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை அசைஞ்சு காட்டுங்க பார்ப்போம்!"

ஆய்வாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து "தூக்கு, இறக்கு" என்றார். நாங்கள் குதிகாலைத் தூக்கி இறக்கினோம். மேடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் பல சம்பளக் கமிஷன் பார்த்துப் பருத்த உடம்புக்காரர்கள். முதலில் பலகை கொஞ்சம் முனகியது. பிறகு நாங்கள் இறக்கும்போது அதுவும் இறங்கியது, தூக்கும்போது அதுவே எங்களைத் தூக்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. கஷ்டப்பட்டு எம்ப வேண்டியதே இல்லை. வரலாற்று ஆசிரியர் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும் உயரத்துக்குப் போய்ப் போய் வந்தார்.

"சார், நிறுத்துங்க!" டீச்சர் ஆய்வாளரிடம் கத்தினார். "மேடையோட தாளமும் நம்ம தாளமும் ஒண்ணாயிடுச்சு!"

"ஒண்ணாகணும்னுதானே டீச்சர் திட்டமே! தூக்கு, இறக்கு!"

டீச்சர் இயக்குநரிடம் ஓடினார். ஓடினார் என்பதைவிட உருண்டார் என்று சொல்லலாம். "ஐயா, மேடை ஆடுது! உடைஞ்சிடும்!"

இயக்குநர் சுற்றிப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். கிளாஸில் தண்ணீர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.

"எங்கேம்மா ஆடுது? எனக்கு ஒண்ணும் ஆடலையே."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் இருந்த இடம் ஆடவில்லை. நடுக்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேடை எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்க, சோபா மட்டும் நிம்மதியாக இருந்தது. என் பக்கத்தில் பலகையை முடுக்கியிருந்த ஒரு மரையாணி தெறித்துப் பறந்தது. மேடைக்கு அடியில் நிழலுக்காக ஒண்டியிருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் அவர்களைப் பார்த்துவிட்டார். ஆய்வாளர் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "யாரும் அசையக் கூடாது! எல்லாரும் அப்படியே நில்லுங்க!"

ஒலிபெருக்கி சொன்னால் கேட்பது எங்களுக்குப் பழக்கம். நின்றுவிட்டோம். மேடை இன்னும் ஐந்தாறு தடவை தன்பாட்டுக்கு ஆடி, பெருமூச்சு விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடியில் இருந்த பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. தலைமையாசிரியர் மட்டும் இயக்குநருக்கு வைத்திருந்த பூங்கொத்தோடு சரிந்து கீழே உட்கார்ந்திருந்தார், காயமில்லாமல்.

இயக்குநரின் திட்டத்தை, இயக்குநரின் முன்னால், இயக்குநரின் ஒலிபெருக்கியிலேயே ஒரு தகுதிகாண் பருவ டீச்சர் நிறுத்திவிட்டார். எனக்கு அவர்மேல் அன்று வந்த மரியாதையை அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். இயக்குநர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

"எல்லாரும் ஆடினீங்க" என்றார் இயக்குநர் மெதுவாக. "நான் மட்டும் ஆடலை. ஏன்?"

"நீங்க உக்காந்திருந்த இடம் கணுங்க ஐயா."

ஆய்வாளர் முகம் வெளுத்துவிட்டது. அசையாப் புள்ளி எதுவும் நிலுவையில் இல்லை என்று கையெழுத்து வாங்கிப் பையில் வைத்திருந்தவர் அவர்.

"கணுன்னா?"

"சுத்தி எல்லாம் ஆடும்போது தான் மட்டும் ஆடாம இருக்கிற இடம் ஐயா. அதாவது கீழே ஒரு கால் முட்டு—"

கால் முட்டை இயக்குநர் காதில் வாங்கவில்லை. அவர் எழுந்து நின்றார். கண் தூரத்தில் எங்கேயோ இருந்தது. "சுத்தி எல்லாம் ஆடும்போது..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டே காருக்குப் போனார்.

பத்து நாளில் புதுச் சுற்றறிக்கை வந்தது. திட்டத்தின் பெயர் "அசையாமையே ஆளுமை". "கொந்தளிப்பின் நடுவிலும் நிலைத்து நிற்பதே கல்வி. அசையும் மாணவர் கற்காத மாணவர்." தடித்த எழுத்து அதே எழுத்து. அனைவரும் அசைவோம் என்று எழுதிய பலகைகளில் முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை அழித்து எழுதிக்கொள்ளலாம் என்று செலவைக் குறைக்கும் யோசனையும் இருந்தது. மேடை ஆடியதா என்பது பற்றி விசாரணை நடந்தது. சம்பவ இடத்தில் இருந்த மிக உயர்ந்த அலுவலர் ஆட்டத்தை உணராத காரணத்தால் மேடை ஆடவில்லை என்று முடிவானது. டீச்சர் மேல் இருந்த குறிப்பாணை ரத்தானது. முன்மாதிரியாக விளங்கிய அந்த இரண்டு புள்ளிகளுக்கும் பாராட்டுச் சான்றிதழ் வந்தது, கண்ணாடி போட்டு. தலைமையாசிரியர் அவற்றை ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டினார்.

வரலாற்று ஆசிரியர் போர்களை எல்லாம் கைகட்டி உட்காரவைத்தே நடத்தி முடித்தார். வகுத்தல் பற்றி நான் கேட்டிருந்ததற்கும் பதில் வந்தது. ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமாம். பதில் பழைய திட்டத்தைச் சேர்ந்தது என்பதால், புதுத் திட்டத்தில் வகுத்தலுக்கு என்ன என்று மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறேன்.

டீச்சருக்கு மட்டும் முகம் நிறைய மகிழ்ச்சி. பழைய மதிப்பெண் பழைய திட்டத்தோடு போய்விட்டதால், மறு ஆய்வுக்கு நாள் குறித்திருந்தார்கள். "இந்தத் தடவை பொய்யே சொல்ல வேண்டாம் சார். கணு ஆடாதுன்னு சொல்லலாம். அவங்களே ஒத்துக்கிட்டாங்க!"

ஆய்வாளர் வந்தார். பிள்ளைகள் கண்ணை மட்டும் சிமிட்டி வணக்கம் சொன்னார்கள். தலைமையாசிரியரும் நானும் மற்ற ஆசிரியர்களும் பின்வரிசையில் சிலைகளாக இருந்தோம். டீச்சர் உற்சாகமாக ஸ்விட்சைப் போட்டார். கயிறு மூன்று வயிறாக எழுந்து நின்று ஆடியது. இரண்டு கணுக்களும் அசையாமல் இருந்தன.

"இந்த ரெண்டு பேர் சரி" என்றார் ஆய்வாளர். "மத்த இடமெல்லாம் ஏன் ஆடுது?"

டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அது ஆடினாத்தான் சார் இது ஆடலைன்னு தெரியும்."

"ஒழுங்கீனத்தை வச்சு ஒழுக்கத்தைக் காட்டக் கூடாது டீச்சர். மூணு இடத்துல வயிறு வச்சுக்கிட்டு குதிச்சிட்டிருக்காங்க. உத்தரவு என் பையிலதான் இருக்கு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சரி பண்ணிடுங்க."

டீச்சர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அசையவில்லை. திட்டம் அது. சுவரில் இருந்த சான்றிதழ்களைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தார். கயிறு ஒரு தடவை நடுங்கி, நேராக, சும்மா கிடந்தது.

"ஆ!" என்றார் ஆய்வாளர். "இதுதான் நிலை அலை. சவாரியை வைங்க."

சவாரிகளை வைத்தார்கள். ஒன்றுகூட விழவில்லை. ஆய்வாளர் எண்ணினார். "இடைநிற்றல் இல்லை. அசைவு இல்லை. நூற்றுக்கு நூறு." பேனாவை எடுத்தார்.

அப்போது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. 'ஏன்' என்ற அந்தப் பெண்.

"டீச்சர், ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு. இது அலையே இல்லையே. ஏன்—"

ஆய்வாளரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. மொத்த வகுப்பிலும் அசைந்துகொண்டிருந்தது அந்த ஒரு கைதான். டீச்சர் மெல்ல நடந்து அவளிடம் போனார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை இறக்கும்மா."

கை இறங்கியது. அவள் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. பேனா கையெழுத்துப் போட்டது.

ஆய்வாளர் போன பிறகு எல்லோரும் டீச்சரைச் சூழ்ந்துகொண்டு வாழ்த்தினோம், உடம்பை அசைக்காமல். டீச்சர் நிரந்தர உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் கலைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஆடுற இடத்தைத் தொட்டா மொத்தமும் நின்னுடும்னு சொன்னேனே சார். தொட்டது நான்தான். உங்களுக்குப் புரியுதா?"

எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் தலையை ஆட்டவில்லை. கதவு திறந்திருந்தது, ஆய்வாளரின் கார் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.